தோற்ற எலியும் வற்றாத ஓதமும்: ‘சமூகத் தோல்வி அழுத்தம்’ என்றால் என்ன?

பாம்பன், இராமேசுவரம், மண்டபம் பகுதி மீனவர்கள் நடுக்கடலில் பிடிபட்டார்கள், படகுகள் பறிமுதலாயின என்ற செய்தி வரும்போது, அதையொட்டி ‘மன அழுத்தம்’, ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ ஆகிய சொற்களும் இப்போது சேர்ந்தே வருகின்றன. கைப்பேசியில் சுற்றும் குறிப்புகள் இன்னும் ஒரு படி மேலே போய், “திரும்பத் திரும்பத் தோற்கும் உயிரினத்தின் மூளையே மாறிவிடும் என்று எலிகளில் நிரூபித்துவிட்டார்கள்” என்று முடித்துவிடுகின்றன. இப்படி ஓர் ஆய்வுத் துறை இருப்பது உண்மை. ஆங்கிலத்தில் ‘சோஷியல் டிஃபீட் ஸ்ட்ரெஸ்’ என்று அழைக்கப்படுவதைத் தமிழில் ‘சமூகத் தோல்வி அழுத்தம்’ எனலாம். ஆனால் அந்த ஆய்வுகள் எதை அளந்தன, அளந்ததிலிருந்து எதுவரை பேச முடியும் என்பது அந்தக் குறிப்புகளில் இருப்பதில்லை. இக்கட்டுரை அதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

எந்த எலி, எந்தத் தோல்வி?

தமிழில் எலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆய்வகத்தில் அது செல்லாது. வலைக் கொட்டகையில் நைலான் வலையைக் கடித்து வைக்கும் வீட்டெலி ஒன்று, அடுக்களைச் சுண்டெலி வேறொன்று. பெருச்சாளி மூன்றாவது வகை. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் காட்டு வரப்புகளில் வளை தோண்டும் வெள்ளெலியை ஆய்வகத்து வெள்ளை எலியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூஞ்சூறு கொறிக்கும் இனமே அல்ல. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி மூன்று விலங்குகளைக் கொண்டு நடந்தவை: ஆய்வகச் சுண்டெலி, ஆய்வக எலி, சிரிய ஹாம்ஸ்டர் என்ற குட்டைவால் கொறிவிலங்கு. மூன்றும் சண்டையிடும் முறையும் தோற்கும் முறையும் வெவ்வேறு.

‘தோல்வி’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நம் பேச்சில் அந்தச் சொல்லோடு மானம், வெட்கம், ஊர்ப்பேச்சு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வாளர் எழுதும் ‘தோல்வி’ கண்ணால் பார்த்துக் குறிக்கத்தக்க உடல்நிலை மட்டுமே. ஒரு மீன் இறங்குதளத்தில் அதிகாலையில் நின்று பார்த்தால் அது விளங்கும். ஏலம் முடிந்து சிதறிய கழிவுமீனைத் தின்ன வரும் அயல்தெரு நாய், அந்த இடத்து நாய் உறுமியதும் காதை மடித்து, வாலைக் காலிடுக்கில் செருகி, பக்கவாட்டில் சரிந்து வயிற்றைக் காட்டுகிறது. கடி அங்கே நின்றுவிடுகிறது. தோற்ற எலியும் இப்படித்தான் மல்லாந்து வயிற்றைக் காட்டும் அல்லது அசையாமல் உறைந்துவிடும். கூடவே, ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் அளவில், மனிதக் காதுக்கு எட்டாத நீண்ட குரலையும் எழுப்பும். சுண்டெலியோ பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களை முன்னே நீட்டிக் கீச்சிடும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் ‘தோல்வி’ என்று குறிப்பேட்டில் பதிவாகும். அதற்கு மேல் அந்தச் சொல்லில் எதையும் ஏற்றக் கூடாது.

சோதனை எப்படி அமைக்கப்படுகிறது?

“தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை” என்ற பழமொழிதான் இந்தச் சோதனையின் அச்சாணி. தன் கூண்டில் வாழ்ந்து பழகிய ஆண் விலங்கு, உள்ளே விடப்படும் அந்நிய ஆணைத் தாக்கும். இதை ‘குடியிருப்பவன் – நுழைபவன்’ முறை என்பர். சுண்டெலிகளில் இன்று பரவலாகக் கையாளப்படும் நெடுநாள் வடிவம் இது:

1. சிடி-1 என்ற வகையைச் சேர்ந்த, உடல் பெருத்த, இனப்பெருக்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளை ஆண் சுண்டெலிகளில் மூர்க்கமானவை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

2. உறவுக்குள்ளேயே இணைசேர்த்து மரபணுவில் ஒன்றுபோல் ஆக்கப்பட்ட சி57பிஎல்/6 என்ற வகையைச் சேர்ந்த, சிறிய, கறுத்த ஆண் சுண்டெலி அந்தக் கூண்டுக்குள் 5 முதல் 10 நிமிடம் வரை விடப்படுகிறது. தாக்குதல் நடக்கிறது. காயம் மிகுந்தால் உடனே பிரிக்கப்படும்.

3. பிறகு கூண்டின் நடுவே துளையிட்ட, ஒளி ஊடுருவும் தடுப்பு செருகப்படுகிறது. அடுத்த சண்டை வரை, கிட்டத்தட்ட 24 மணி நேரம், இரண்டும் தடுப்பின் இருபுறமும் வாழ்கின்றன. கடிக்க முடியாது, ஆனால் பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், கேட்கலாம்.

4. மறுநாள் புதிய எதிரி, புதிய கூண்டு. இப்படி 10 நாள்.

மேற்கண்டவற்றில் வாசகர் கண்ணுக்குத் தப்புவது மூன்றாவது படி. 10 நாள் சோதனையில் உண்மையான சண்டை நேரத்தைக் கூட்டினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மீதி அத்தனை மணி நேரமும் அந்தச் சிறு எலி, ஒரு விரல் கனம்கூட இல்லாத தடுப்புக்கு அப்பால் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் எதிரியின் வாடையிலேயே தின்று உறங்குகிறது. ஓட இடமில்லை, அடுத்த தாக்குதல் எப்போது என்றும் அதற்குத் தெரியாது. கடியைக் காட்டிலும் இந்தக் காத்திருப்பே சோதனையின் சாரம் என்பது என் வாசிப்பு. சக எலி தாக்கப்படுவதைத் தடுப்புக்கு இப்பால் இருந்து பார்க்க மட்டுமே வைக்கப்பட்ட சுண்டெலிகளிடமும் ஒத்த மாற்றங்கள் பிற்காலத்தில் பதிவாகியிருப்பது இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது.

ஹார்மோன்கள்: ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள்

அழுத்தம் என்ற கருத்தை உயிரியலில் நிலைநிறுத்தியவர் ஹான்ஸ் செல்யே. குளிர், காயம், நஞ்சு என எதைக் கொடுத்தாலும் எலியின் உடல் ஒரே மாதிரியான எதிர்வினையைக் காட்டுகிறது என்று 1936இல் அவர் எழுதினார்: சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி பெருக்கிறது, நோயெதிர்ப்பு அணுக்கள் முதிரும் தைமஸ் சுருங்குகிறது, இரைப்பையில் புண் வருகிறது. அந்த எதிர்வினைக்குப் பின்னால் இரண்டு பாதைகள் இருப்பது இன்று தெளிவு.

முதற்பாதை நரம்பு வழி. நொடிகளில் வேலை செய்வது. அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்க, இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இரண்டாவது பாதை சற்று நிதானமானது. மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸ் சிஆர்எச் என்ற தூண்டுபொருளை விடுக்கிறது. 1981இல் வைலி வேலும் அவர் குழுவினரும் இதன் அமைப்பைக் கண்டறிந்தனர். அது மூளையடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை எட்டியதும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது; ஏசிடிஎச் அட்ரீனலின் வெளிப்பகுதியான புறணியை எட்டியதும் அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. மனிதரில் அது கார்டிசோல். எலியிலும் சுண்டெலியிலும் கார்டிகோஸ்டிரோன். கார்டிசோலை உண்டாக்கத் தேவையான ஒரு நொதி அவற்றின் அட்ரீனலில் இல்லை. “எலியின் கார்டிசோல் உயர்ந்தது” என்று எழுதும் குறிப்பை அந்த வரியிலேயே ஐயத்தோடு படிக்கலாம்.

தாக்குதல் தொடங்கிய சில நிமிடங்களில் கார்டிகோஸ்டிரோன் ஏறத் தொடங்கி, கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் உச்சத்தை நெருங்கும். ஏறிய ஹார்மோன் மூளைக்கே திரும்பிச் சென்று, ஹிப்போகேம்பஸிலும் (நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதி) ஹைப்போதலாமஸிலும் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, “போதும், நிறுத்து” என்ற கட்டளையைப் பிறப்பிக்கிறது. இந்த ஹார்மோன் ஹிப்போகேம்பஸில் சேர்வதை 1968இல் புரூஸ் மெக்யூவன் காட்டியதற்குப் பிறகுதான், மூளை இதை ஏவுவது மட்டுமன்றி இதற்கு ஆட்படவும் செய்கிறது என்பது புரிந்தது.

சண்டையில் வென்ற எலிக்கும் கார்டிகோஸ்டிரோன் ஏறுகிறது. இணைசேரும்போதும் ஏறுகிறது. ஆகவே ஹார்மோன் ஏறியது என்ற ஒற்றைச் செய்தியை வைத்துக்கொண்டு அந்த விலங்கு துன்பப்பட்டது என்று சொல்ல வழியில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் எலிச் சண்டைகளைப் பல்லாண்டு ஆராய்ந்த யாப் கூல்ஹாஸ் இதை வற்புறுத்தியவர். வென்றதற்கும் தோற்றதற்கும் உள்ள வேறுபாடு, ஏறிய ஹார்மோன் எவ்வளவு விரைவில் பழைய நிலைக்கு இறங்குகிறது என்பதில் இருக்கிறது. முன்கூட்டி அறியவும் முடியாமல், தன் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் போகும் நிலைக்கு மட்டுமே ‘அழுத்தம்’ என்ற சொல்லை ஒதுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். கடற்கரைக்காரருக்கு இதை ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏற்றத்தை, கொண்டு சொல்லலாம்: ஓதம் ஏறுவது இயல்பு, ஏறியது வற்றாமல் நின்றால்தான் கரையில் ஏற்றி வைத்த வள்ளத்துக்கு ஆபத்து. (பாக் நீரிணைப் பக்கம் ஓத வேறுபாடு மிகக் குறைவு என்பதும் அவர்களுக்குத் தெரியும், உவமையை அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். தோற்ற ஆண் விலங்குகளில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது. வளைகள் போன்ற அமைப்பில் கூட்டமாக வாழவிட்ட எலிகளில், கீழ்ப்படிந்து வாழ நேர்ந்தவற்றின் உடல் எடை குறைந்து, அட்ரீனல் பெருத்து, தைமஸ் சுருங்கியிருந்தது. செல்யே சொன்ன அதே அடையாளங்கள். ஒரே ஒரு தோல்விக்குப் பிறகும் எலியின் உடல் வெப்பத்தின் இரவு பகல் ஏற்றத்தாழ்வு பல நாள் மட்டுப்பட்டுக் கிடக்கிறது. திரும்பத் திரும்பத் தோற்ற சுண்டெலிகளின் மண்ணீரல் உயிரணுக்கள் கார்டிகோஸ்டிரோனின் கட்டளைக்கு மசியாமல் போவதும், அதனால் அழற்சி அடங்காமல் இருப்பதும் தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

மூளை: ஒரே மரபணு, இரண்டு விதி

மூளையில் நடப்பதைப் பேசும்போது ஹிப்போகேம்பஸின் நரம்பணுக் கிளைகள் சுருங்குவது, அச்சத்தைக் கையாளும் அமிக்டாலாவின் பங்கு ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும். ஹாம்ஸ்டர்களில், தோல்விக்கு முன் அமிக்டாலாவின் செயல்பாட்டைத் தற்காலிகமாக அடக்கிவிட்டால், பின்னர் அந்தத் தோல்வியின் சுவடு நடத்தையில் குறைகிறது. ஆனால் இத்துறையைத் திருப்பிப் போட்டவை டோபமைன் பற்றிய முடிவுகள்.

நடுமூளையின் ஒரு சிறு பகுதியிலிருந்து புறப்படும் டோபமைன் நரம்பணுக்கள், முன்மூளையின் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் சென்று முடிகின்றன. உணவு, துணை, எதிரி என எது முக்கியம் என்பதை விலங்கு கற்றுக்கொள்வதில் இந்தப் பாதைக்குப் பங்குண்டு. 2006இல் ஒலிவியே பெர்ட்டோன், எரிக் நெஸ்லர் உள்ளிட்டோர், 10 நாள் தோல்விக்குப் பிறகு சுண்டெலிகள் பிற எலிகளை நெருங்காமல் ஒதுங்குவதையும், அந்த ஒதுக்கம் 4 வாரங்கள் கழித்தும் நீடிப்பதையும் காட்டினர். மேற்சொன்ன டோபமைன் பாதையில் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தின் உற்பத்தியை நடுமூளையிலேயே தடுத்துவிட்டபோது அந்த ஒதுக்கம் பெரிதும் மறைந்தது. மனச்சோர்வு மருந்துகளை நாள்தோறும் பல வாரங்கள் கொடுத்தால் ஒதுக்கம் குறைந்தது. ஒரு நாள் கொடுத்ததில் பயன் இல்லை. மனிதரிலும் அம்மருந்துகள் வாரக்கணக்கில்தான் வேலை செய்கின்றன என்பதால் இந்தச் சோதனைமுறைக்கு மதிப்பு கூடியது.

அடுத்த ஆண்டு வைஷ்ணவ் கிருஷ்ணனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுதான் கைப்பேசிக் குறிப்புகளில் விடுபட்டுப்போவது. ஒரே 10 நாள், ஒரே வகைத் தாக்குதல், ஒரே மரபணுத் தொகுதி. அப்படியிருந்தும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சுண்டெலிகள் ஒதுங்கவில்லை. அவற்றைத் ‘தாங்குபவை’ என்றும் ஒதுங்கியவற்றை ‘பாதிப்புக்குள்ளாகுபவை’ என்றும் பிரித்தார்கள். இரண்டின் மூளையையும் ஒப்பிட்டபோது தெரிந்தவை இவை:

1. பாதிப்புக்குள்ளானவற்றில் டோபமைன் நரம்பணுக்கள் மிகுந்த வேகத்தில் துடித்தன. தாங்கியவற்றில் அந்த வேகம் இயல்பான அளவில் இருந்தது.

2. தாங்கியவற்றின் நடுமூளையில் பொட்டாசியம் வாயில்களுக்கான மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. இந்த வாயில்கள் நரம்பணுவின் மிகைத்துடிப்பை அடக்குபவை.

3. மொத்தமாக எண்ணினால், அப்பகுதியில் இயக்கம் மாறிய மரபணுக்கள் பாதிப்புக்குள்ளானவற்றைவிடத் தாங்கியவற்றில்தான் அதிகம்.

மூன்றாவதை நின்று படிக்க வேண்டும். ‘தாங்கியது’ என்றால் அடி உறைக்காதது, தோல் தடித்தது என்று நினைத்துக்கொள்கிறோம். மூளையின் கணக்கு நேர்மாறாக இருக்கிறது: தாங்கிய எலியின் மூளைதான் கூடுதலாக உழைத்திருக்கிறது. அந்தத் தாங்கிய எலிகளும் திறந்த உயரமான பாதைகளில் நடக்கத் தயங்கின, அதாவது பதற்றம் அவற்றிடமும் இருந்தது. பதற்றம் இருந்துகொண்டே ஒதுங்காமல் இருக்க முடிகிறது என்று இதைப் படிக்கலாம். 2013இல் ஒளிக்கற்றையால் நரம்பணுக்களை இயக்கும் உத்தியைக் கொண்டு, தாங்கிய எலிகளின் அதே டோபமைன் நரம்பணுக்களை வேகமாகத் துடிக்க வைத்தபோது அவையும் ஒதுங்கத் தொடங்கின. துடிப்புக்கும் ஒதுக்கத்துக்கும் உள்ள உறவு தற்செயல் அல்ல என்பதற்கு அது வலுவான சான்று.

நடத்தை: சூடு கண்ட பூனையா, அரண்டவன் கண்ணா?

ஒதுக்கத்தை அளக்கும் முறை எளிது. ஒரு திறந்த பெட்டியின் ஓரத்தில் கம்பிவலைக் கூடு இருக்கும். முதலில் கூடு காலியாக இருக்க, சோதனை எலி இரண்டரை நிமிடம் உலவுகிறது. அடுத்து கூட்டுக்குள் ஒரு வெள்ளைச் சிடி-1 எலியை வைத்து மீண்டும் இரண்டரை நிமிடம். இயல்பான எலி கூட்டருகே சென்று மூக்கை நீட்டி முகர்ந்துகொண்டே நிற்கும். பாதிக்கப்பட்ட எலியோ பெட்டியின் எதிர்மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டி, கூட்டின் பக்கம் பார்த்தபடியே அமர்ந்துவிடும். இரண்டு நேரங்களின் விகிதமே மதிப்பெண். இத்தகைய எலிகள் சர்க்கரை நீரையும் வெறும் நீரையும் அருகருகே வைத்தால், இயல்பான எலிகளைப் போல இனிப்பை நாடிச் செல்வதும் இல்லை. இன்பத்தில் நாட்டம் குன்றியதற்கான அடையாளமாக அது கொள்ளப்படுகிறது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. பல ஆண்டுகளாக அது பேசப்பட்டும் வருகிறது. கூட்டுக்குள் இருப்பது தன்னைக் கடித்த வகையைச் சேர்ந்த அதே வெள்ளை எலி. அதைக் கண்டு ஒதுங்குவது நோயா, புத்தியா? “சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது” என்கிறோம். அந்தப் பூனையை யாரும் நோயாளி என்பதில்லை. மாறாக, தீங்கே செய்யாத வேறு வகை எலியைக் கண்டும் ஒதுங்கினால் அது “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்ற நிலை. முந்தையது கற்றல், பிந்தையது கற்றது வரம்பு மீறிப் பரவுதல். ஒதுங்கும் எலிகள் என்று ஒரே கூடையில் போடப்பட்டவற்றில் இரண்டும் கலந்திருக்கக்கூடும் என்பதால், கூட்டுக்குள் வெவ்வேறு வகை எலிகளை மாற்றி வைத்துப் பிரித்தறியும் சோதனைகள் இப்போது நடக்கின்றன. “எதிரியை நெருங்கும் எலி தாங்கியது” என்று மதிப்பெண் போடுவதும் கேள்விக்குரியதே. அது எச்சரிக்கையைக் கற்கத் தவறியதாகவும் இருக்கலாம்.

சிரிய ஹாம்ஸ்டரில் இந்தப் பரவுதல் அப்பட்டமாகத் தெரியும். இயல்பில் அது தனித்து வாழ்ந்து தன் எல்லையைக் கடுமையாகக் காக்கும் விலங்கு. ஒருமுறை தோற்றுவிட்டால், பிறகு தன் சொந்தக் கூண்டுக்குள் தன்னைவிடச் சிறிய, சண்டைக்கே வராத ஹாம்ஸ்டரை விட்டாலும் பணிந்து ஓடுகிறது. கிம் ஹூமன் உள்ளிட்டோர் 1993இலிருந்து ஆராய்ந்துவரும் இதற்குப் ‘பழக்கப்பட்ட தோல்வி’ என்று பெயர்.

இந்தக் கரைக்குப் பொருத்தும்போது

எலியிலிருந்து மீனவருக்குத் தாவுவதில் உள்ள இடறல்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, இந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பான்மை ஆண் விலங்குகளைக் கொண்டவை. ஆண் சுண்டெலி பொதுவாகப் பெண்ணைத் தாக்காது என்பதே காரணம். மனிதரில் மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. பெண்ணும் சண்டையிடும் கலிபோர்னியச் சுண்டெலியைக் கொண்டும், பெண் எலிமீது ஆணின் சிறுநீரைத் தடவித் தாக்க வைத்தும் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவோரம் பாசி எடுக்க இறங்கும் பெண்ணின் பாட்டையும், பிடிபட்ட கணவனுக்காக அலுவலகங்களுக்கு அலையும் பெண்ணின் பாட்டையும் இந்தக் கூண்டில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, எலிக்கு வட்டிக் கடன் இல்லை. பறிபோன படகின் விலை தெரியாது. அடுத்த பருவம் என்ற எண்ணமும் இல்லை. ஒப்பிடத்தக்கது சூழலின் வடிவம் மட்டுமே: கட்டுப்படுத்த முடியாதது, திரும்பத் திரும்ப நேர்வது, அச்சுறுத்தல் கண்ணெதிரேயே நிலைத்திருப்பது. அந்த வடிவம் உடலில் தடம் பதிக்கும் என்பதை எலிகள் காட்டியிருக்கின்றன. எந்தத் தனிமனிதருக்கு எவ்வளவு என்பதை அவை காட்டவில்லை.

உடலில் தடம் என்ற பேச்சுக்கு இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் தனிக் கனம் உண்டு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலம் குன்றியோரை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயை உடலோடு தொடர்பில்லாத ஒன்றாகவும், நோயாளியைத் தனித்துக் கட்டிவைக்க வேண்டியவராகவும் கருதிய காலம் அது.

தனித்து வைப்பது பற்றி எலி ஆய்விலேயே ஒரு முடிவு இருக்கிறது. குரோனிங்கனில் 1999இல் வெளியான ஆய்வில், தோற்ற எலிகளில் ஒரு பகுதியைத் தனிக்கூண்டிலும் மறுபகுதியை முன்பே பழகிய துணை எலியோடும் வைத்துக் கவனித்தார்கள். தனித்து விடப்பட்டவற்றில் தோல்வியின் நெடுநாள் விளைவுகள் பெரிதாக இருந்தன. துணையோடு இருந்தவற்றில் அவை வெகுவாகத் தணிந்தன. சுண்டெலிகளின் 10 நாள் முறையிலோ, கடைசிச் சண்டைக்குப் பின் சோதனை எலியைத் தனிக்கூண்டுக்கு மாற்றிவிடுவதே வழக்கம். அப்படியானால் மறுநாள் எதிர்மூலையில் முதுகை ஒட்டி அமர்ந்திருக்கும் அந்தக் கறுத்த சுண்டெலியிடம் நாம் அளப்பதில் எவ்வளவு தோல்வி, எவ்வளவு தனிமை என்று அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.